"மூணு தடவை நல்லாத்தான் சார் வெடிச்சுச்சு"



இது கொஞ்சம் நீளமான வரலாற்றுப் பதிவு. ஒரு டீயை எடுத்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவுப் பணி. மணி எட்டு இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு 16 வயசுப் பையன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கை முழுக்க அவன் அம்மாவின் சேலைத் துணி சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன். கட்டைவிரல் இல்லை. ஆள்காட்டி விரல் தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் முழுக்கக் கரும்புள்ளிகள். நல்லவேளை, இரண்டு கண்ணும் தப்பியிருந்தன.

"பட்டாசாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். பீரங்கி."

வீடியோ பார்த்து, இரும்புக் குழாய் ஒன்றை வைத்து அவனே செய்த பீரங்கி. யாரையும் சுடுவதற்கு இல்லை. சும்மா, ஆசைக்கு. சத்தம் கேட்க வேண்டும், புகை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ரத்தத்தை நிறுத்தி, ஊசிகளைப் போட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108ல் அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது அவன் ஒன்று சொன்னான்.

"மூணு தடவை நல்லாத்தான் சார் வெடிச்சுச்சு. நாலாவது தடவைதான்..."

அந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. ஏன் என்றால், பீரங்கியின் வரலாறு முழுக்க ராஜா முதல் மந்திரி வரை அந்த ஒரே வாக்கியத்தால்தான் செத்திருக்கிறார்கள்.

வாருங்கள், 1460க்குப் போவோம்.

ஸ்காட்லாந்து நாட்டின் ராஜா இரண்டாம் ஜேம்ஸ். முகத்தில் பெரிய சிவப்பு மச்சம். அதனால் ஊரே அவரை "நெருப்பு முகத்து ஜேம்ஸ்" என்றுதான் சொல்லும். வயது 29. மனைவி கெல்டர்ஸ் நாட்டு மேரி.

இந்த ராஜாவுக்கு பீரங்கி என்றால் உயிர். அன்றைக்கு ஐரோப்பாவில் பீரங்கிதான் புதுத் தொழில்நுட்பம். நூறு வருஷமாக அசையாமல் நின்ற கோட்டைச் சுவர்களைச் சில வாரங்களில் மண்ணாக்கும் சமாச்சாரம். இன்றைக்கு நம் பிள்ளைகள் ட்ரோனை எப்படி வாயைப் பிளந்து பார்க்கிறார்களோ, அப்படிப் பார்த்தார் ஜேம்ஸ்.

மேரியின் நெருங்கிய உறவினர் பர்கண்டி நாட்டின் பிரபு பிலிப். அவர் 1457ல் ஜேம்ஸுக்கு ஒரு ராட்சத பீரங்கியைப் பரிசாக அனுப்பினார். பெயர் "மான்ஸ் மெக்". 1449ல் செய்தது. எடை 6 டன்னுக்கு மேல். வாயின் அகலம் சுமார் 20 அங்குலம். இன்றும் எடின்பரோ கோட்டையில் இருக்கிறது. இதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1460 ஆகஸ்ட் 3. ஆங்கிலேயர் வசம் இருந்த ராக்ஸ்பரோ கோட்டையை ஜேம்ஸ் முற்றுகையிட்டிருந்தார். பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. ராஜா என்ன செய்திருக்க வேண்டும்? கூடாரத்தில் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆசை விடவில்லை. சுடுகிறவர்களின் பக்கத்திலேயே போய் நின்று வேடிக்கை பார்த்தார்.

அதில் ஒரு பீரங்கி, குண்டை முன்னால் அனுப்புவதற்குப் பதிலாகத் தானே வெடித்தது. சிதறிய துண்டு ஒன்று ராஜாவின் தொடை எலும்பை இரண்டாக முறித்தது. சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஆங்கஸ் பிரபுவுக்கும் காயம்.

அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வரலாற்றை எழுதிய ராபர்ட் லிண்ட்சே, ஒரு ராஜாவுக்கு ஆகாத அளவு ஆர்வம் இவருக்கு இருந்தது என்று வருத்தத்தோடு குறிப்பிடுகிறார்.

இங்கே ஒரு மருத்துவராகக் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். தொடை எலும்பு உடைந்தாலே உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இறங்கும். அதை ஒட்டி ஓடும் பெரிய தமனியும் கிழிந்தால் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இன்றைக்கு அழுத்திக் கட்டலாம், ரத்தம் ஏற்றலாம், அறுவை அரங்குக்கு ஓடலாம். அன்றைக்கு ஜெபம் மட்டும்தான் செய்ய முடியும்.

ராஜா செத்தார். கோட்டை விழுந்தது. எட்டு வயசுப் பிள்ளைக்கு முடி சூட்டினார்கள்.

சரி, பீரங்கி ஏன் வெடிக்கிறது?

அந்தக் காலத்துப் பெரிய பீரங்கிகளை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே பழுக்கக் காய்ச்சிய இரும்பு வளையங்களை மாட்டுவார்கள். வளையம் ஆறும்போது சுருங்கி, பட்டைகளை இறுக்கிப் பிடிக்கும். மரப் பீப்பாய் செய்கிற அதே முறை. ஆங்கிலத்தில் துப்பாக்கிக் குழலுக்கும் பீப்பாய்க்கும் ஒரே சொல் இருப்பது இதனால்தான். மான்ஸ் மெக் இப்படிச் செய்ததுதான்.

நம்ம ஊரிலும் இதற்கு அண்ணன் தம்பி உண்டு. தஞ்சாவூர் பீரங்கி மேட்டுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே கிடக்கும் சுமார் 26 அடி நீள பீரங்கி, 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் செய்தது. அதுவும் பட்டை, வளையம் வைத்து அடித்து இணைத்ததுதான். நானூறு வருஷம் வெயிலிலும் மழையிலும் கிடந்தும் உருக்குலையாமல் நிற்கிறது. நம் கொல்லர்களின் கைவேலையை நினைத்தால் நிஜமாகவே பெருமையாக இருக்கிறது.

அந்த வளையங்களுக்கு என்ன வேலை என்று புரிந்துகொள்ள, வெள்ளரிப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பழுத்த வெள்ளரிப்பழம் எப்படி வெடிக்கும்? குறுக்காகவா? இல்லை. நீளவாக்கில் பிளக்கும்.

காரணம் இதுதான். ஒரு குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது, அதன் சுவரைச் சுற்றுவாக்கில் பிய்க்கும் விசை, நீளவாக்கில் இழுக்கும் விசையைவிட இரண்டு மடங்கு இருக்கும். அதனால் குழாய் நீளவாக்கில் பிளக்கிறது. அதைத் தடுக்கத்தான் சுற்றிலும் வளையம்.

இதையே நாங்கள் எம்.பி.பி.எஸ். முதல் வருஷத்தில் லாப்லாஸ் விதி என்று படித்தோம். பெருந்தமனி ஓரிடத்தில் வீங்கினால் அது ஏன் ஒருநாள் கிழிகிறது என்பதை விளக்கும் விதி. விட்டம் கூடக் கூட, சுவர் மெலிய மெலிய, சுவரில் இழுவிசை ஏறும். ரத்தக் குழாய்க்கும் பீரங்கிக் குழாய்க்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். சின்ன வயசில் மெல்லிய கம்பியை உடைக்க என்ன செய்வோம்? மடக்கி, நிமிர்த்தி, மடக்கி, நிமிர்த்தி. பத்து தடவை ஒன்றும் ஆகாது. பதினொன்றாவது தடவை "டக்". அந்தப் பத்து தடவையும் கம்பி நன்றாக இருந்ததா? இல்லவே இல்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே விரிசல் ஒரு மயிரிழை வளர்ந்துகொண்டே இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நல்லபடியாக வெடித்த ஒவ்வொரு வேட்டும் "இந்தக் குழாய் பத்திரமானது" என்பதற்குச் சாட்சி இல்லை. அடுத்த வேட்டுக்கு அந்தக் குழாயில் மிச்சம் இருப்பது போன தடவையைவிடக் குறைவு. அதுதான் உண்மை.

இப்போது மான்ஸ் மெக் கதைக்கு வருகிறேன். 1558ல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் கல்யாணத்துக்கு மரியாதை வேட்டாக மான்ஸ் மெக்கைச் சுட்டபோது, கல் குண்டு ஏறக்குறைய 2 மைல் தள்ளிப் போய் விழுந்தது. அதை ஆள் அனுப்பித் தேடி எடுத்து வந்தார்கள். அவ்வளவு திடமான பீரங்கி. பிற்காலத்தில் போருக்கு இழுத்துப் போவதை நிறுத்திவிட்டு, விசேஷங்களுக்கு மட்டும் சுட்டார்கள்.

1680களின் தொடக்கத்தில் யார்க் பிரபுவின் பிறந்தநாள். பிற்பாடு ராஜாவானவர். அவருக்காக மரியாதை வேட்டு போட்டார்கள். மான்ஸ் மெக் வெடித்துப் பிளந்தது. செய்து 230 வருஷம் கழித்து! எதிரி மேல் சுட்டபோது ஒன்றும் ஆகவில்லை. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் போனது. "சுட்டவன் ஆங்கிலேயன், பொறாமையில் மருந்தை அதிகம் போட்டுவிட்டான்" என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் புலம்பினார்கள். 230 வருஷம் தாங்கியது இன்றைக்கும் தாங்கும் என்று நம்பியவர்களுக்கு வேறு எப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்வது? இன்றைக்கு நீங்கள் எடின்பரோ போனாலும் அதன் வளையங்கள் பிய்ந்துபோன இடத்தைப் பார்க்கலாம்.

இனி 1844. அமெரிக்கா.

பிப்ரவரி 28. வாஷிங்டன் பக்கத்தில் ஓடும் போட்டோமாக் ஆற்றில் பிரின்ஸ்டன் என்ற புத்தம் புதிய போர்க்கப்பல். கேப்டன் ராபர்ட் ஸ்டாக்டன். கப்பலில் ஜனாதிபதி ஜான் டைலர், மந்திரிகள், செனட்டர்கள், குடும்பத்தினர் என்று சுமார் 400 விருந்தினர்கள். சாப்பாடு, பாட்டு, கொண்டாட்டம்.

கப்பலில் இரண்டு ராட்சத பீரங்கிகள். ஒன்று இங்கிலாந்தில் செய்தது, பெயர் ஓரிகன். வடிவமைத்தவர் ஜான் எரிக்சன் என்ற ஸ்வீடன்காரப் பொறியாளர். சோதனையில் அதில் விரிசல் விட்டபோது, எரிக்சன் அடிப்பகுதியில் இரும்பு வளையங்களை மாட்டிப் பலப்படுத்தினார்.

இன்னொன்றை ஸ்டாக்டன் அமெரிக்காவில் செய்ய வைத்தார். வளையம் எதற்கு? இரும்பை இன்னும் தடிமனாகப் போட்டால் ஆயிற்று என்பது அவர் கணக்கு. 12 அங்குல வாய், 12 டன் எடை. அதற்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? "சமாதானம் செய்பவன்".

அன்று அதைச் சுட்டுக் காட்டினார்கள். அருமையாக வெடித்தது. கைதட்டல். மறுபடியும் சுட்டார்கள். மறுபடியும் கைதட்டல். எல்லோரும் கீழ்த்தளத்துக்கு விருந்துக்குப் போய்விட்டார்கள்.

திரும்பும் வழியில் கடற்படை மந்திரி தாமஸ் கில்மர், "இன்னும் ஒரு தடவை சுடலாமே" என்று கேட்டார். "இன்றைக்குப் போதும்" என்றுதான் ஸ்டாக்டன் முதலில் சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்பது துறை மந்திரி. மறுக்க முடியவில்லை. கூட்டம் மறுபடி மேலே வந்தது. ஜனாதிபதியும் கிளம்பினார். கீழே மாப்பிள்ளை பாட ஆரம்பித்ததால் ஏணியடியில் நின்றுவிட்டார்.

அந்தப் பாட்டுதான் ஜனாதிபதியைக் காப்பாற்றியது.

பீரங்கியின் அடிப்பாகம் பிளந்து பக்கவாட்டில் பறந்தது. ஆறு பேர் செத்தார்கள். வெளியுறவு மந்திரி ஏபல் அப்ஷர். "இன்னொரு தடவை" கேட்ட கில்மர். கடற்படை அதிகாரி பெவர்லி கென்னன். தூதராக இருந்த விர்ஜில் மேக்சி. நியூயார்க்கின் டேவிட் கார்டினர். ஆறாவது ஆள், ஜனாதிபதியின் பணியாளான ஆர்மிஸ்டெட். அடிமையாக இருந்த கறுப்பின இளைஞர். மந்திரிகளின் பெயரைச் சொல்லும் பல புத்தகங்கள் இவர் பெயரை விட்டுவிடும். நாம் விட வேண்டாம்.

செனட்டர் தாமஸ் பென்டனுக்குக் காதுச் சவ்வு கிழிந்தது. ஸ்டாக்டனுக்கும் காயம். பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் படவில்லை என்றாலும் அந்த அதிர்ச்சி அலை மட்டுமே காதைக் கிழிக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

பிறகு ஃபிராங்க்ளின் நிறுவனத்தின் நிபுணர் குழு உடைந்த துண்டுகளைச் சோதித்தது. அவ்வளவு பெரிய இரும்பை நீண்ட நேரம் காய்ச்சிக் காய்ச்சி அடித்ததில் உலோகமே பலவீனமாகியிருந்தது. ஒட்டுகள் சரியாகப் பிடிக்கவில்லை. வெளியே பார்த்தால் பளபள. உள்ளே பொக்கை.

தடிமன் வேறு, பலம் வேறு. இதை ஒரு நாட்டின் மந்திரிசபையே உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

சரி, உலகம் இதற்கு என்ன தீர்வு கண்டது?

ஒன்று, உலோக அறிவியல். அமெரிக்க ராணுவ அதிகாரி தாமஸ் ராட்மன், பீரங்கியை உள்ளீடற்றதாக வார்த்து, உள்பக்கமிருந்து தண்ணீரால் குளிர்விக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உள்பக்கம் முதலில் இறுகும். வெளிப்பக்கம் பிறகு ஆறிச் சுருங்கி அதை அழுத்திப் பிடிக்கும். பழைய கொல்லர் வளையம் மாட்டிய அதே தத்துவம், ஒரே வார்ப்பில்.

இரண்டு, கட்டாயப் பரிசோதனை. லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637லேயே அரச சாசனம் பெற்று, குழல்களைச் சோதித்து முத்திரை குத்தத் தொடங்கியது. பர்மிங்ஹாமில் 1813ல் சட்டம் போட்டே சோதனைக் கூடம் வைத்தார்கள். சாதாரணமாகப் போடுவதைவிட அதிக மருந்து போட்டு, ஆளைத் தள்ளி நிறுத்திச் சுடுவார்கள். தாங்கினால் முத்திரை. இல்லையென்றால் பழைய இரும்பு.

இந்த முத்திரைக்குப் பின்னால் எத்தனை கைகள், கண்கள், உயிர்கள் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வீடியோ பார்த்து வீட்டில் செய்யும் குழாயில் அந்த முத்திரை கிடையாது. அது தண்ணீர் போகச் செய்த குழாய். அதன் முதல் சோதனையும் கடைசிச் சோதனையும் நம் பிள்ளையின் கையில்தான் நடக்கிறது.

"இதுவரை இப்படித்தான், ஒன்றும் ஆகவில்லை" என்ற நோய் பீரங்கிக்காரர்களுக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் ஆட்களுக்கும் வந்தது.

வெடிமருந்துக் காயத்தில் விஷம் ஏறும் என்று நம்பிய காலம் அது. அதனால் குண்டுக் காயங்களில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கொதிக்கக் கொதிக்க! புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

1537ல் இத்தாலியில் நடந்த போரில் அம்புரோஸ் பாரே என்ற இளம் பிரெஞ்சு அறுவை மருத்துவர் இருந்தார். படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை, முடிதிருத்தும் மருத்துவ மரபில் வந்தவர். ஒருநாள் காயம்பட்டவர்கள் அதிகம், எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் கலந்து தடவினார். இரவெல்லாம் தூக்கமில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் விஷம் ஏறிச் செத்திருப்பார்களோ என்ற பயம்.

விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தார். எண்ணெய் ஊற்றாதவர்கள் வலி குறைந்து, வீக்கம் இல்லாமல் ஓய்வில் இருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் துடித்துக்கொண்டிருந்தார்கள். இனி ஒருவர் காயத்திலும் கொதிக்கும் எண்ணெய் ஊற்ற மாட்டேன் என்று அன்றே முடிவு செய்தார். 1545ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1552ல் கை கால் எடுக்கும்போது காய்ச்சிய இரும்பால் சுடுவதற்குப் பதில், ரத்தக் குழாயை நூலால் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். அந்தப் பையனின் கையில் நான் கட்டிய முடிச்சு பாரே வழியில் வந்ததுதான்.

பாரே செய்தது ஒன்றே ஒன்று. "எப்பவும் இப்படித்தான்" என்பதை நம்பாமல், போய்ப் பார்த்தார்.

ஆறு வாரம் கழித்து அந்தப் பையன் என்னைப் பார்க்க வந்தான். ஆள்காட்டி விரலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காப்பாற்றிவிட்டார்கள். கட்டைவிரல் வரவில்லை. கட்டைவிரல் போனால் கையின் வேலையில் ஏறக்குறைய பாதி போனது என்று அர்த்தம். சட்டைப் பித்தானை அம்மா போட்டுவிட்டிருந்தார். இடது கையால் எழுதப் பழகுகிறானாம். நோட்டைக் காட்டினான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை எழுத்து.

"சார், குழாய் நல்ல தடிமன் சார். அப்புறம் ஏன் சார்?" என்று கேட்டான்.

அன்று வெளிநோயாளிகள் வரிசை வாசல் வரை நின்றது. இரண்டு வரியில் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தப் பதிவு.

தம்பி, நீ முட்டாள் இல்லை. நீ செய்த அதே தப்பை ஒரு ராஜா செய்தார், ஒரு மந்திரி செய்தார். ஆர்வம் தப்பே இல்லை. அந்த ஆர்வத்தை ஐ.டி.ஐ.க்கோ, பொறியியல் கல்லூரிக்கோ, உலோகவியல் படிக்கவோ கொண்டு போ. இடது கையால் எழுதினாலும் மார்க் மார்க்தான்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்.

பிள்ளை குழாய், கருமருந்து என்று எதையாவது சேர்த்தால் அடிக்காதீர்கள், ஒளித்துச் செய்வான். உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். உரிமம் இல்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884ஆம் வருஷ வெடிபொருள் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லுங்கள்.

மீறி விபத்து நடந்துவிட்டால்:

கையில் ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள். கையை உயர்த்தி வையுங்கள். 108ஐ அழையுங்கள்.

காபித் தூள், மஞ்சள் தூள், பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால் அதை எடுத்து ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டு வாருங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது.

கண்ணில் பட்டால் கசக்காதீர்கள். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். அப்படியே கூட்டி வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "போன தடவை ஒண்ணும் ஆகலையே" என்று வீட்டில் யாராவது சொன்னால், அது பட்டாசோ, ஹெல்மெட் போடாத பைக்கோ, நிறுத்திவிட்ட சர்க்கரை மாத்திரையோ, எதுவானாலும் சரி, ஒரு நிமிடம் நிறுத்திக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பத்து தடவை மடக்கிய கம்பியை.



உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் இன்றும் இரவுப் பணியில் இருக்கும் ஒரு மருத்துவர்.